வருசத்துக்கு 140 சாக்கு

போன வாரம் மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்த காலித் தீவனச் சாக்கை எல்லாம் இறக்கினேன். இறக்கினேன் என்றா சொன்னேன், பாதி அதுவாகவே சரிந்து தலையில் விழுந்தது. கூடவே இரண்டு எலி, ஒரு மூக்குக்கண்ணாடி (அப்பாவுடையது, மூன்று வருசமாகத் தேடியது), ஒரு கூடை தவிட்டுத் தூசி. எண்ணிப் பார்த்தால் 190-க்கு மேல் இருந்தது. "என்னைக்காவது ஆகும்" என்று எடுத்து வைத்தது எல்லாம்.

எப்படி இவ்வளவு சேருகிறது என்று கேட்டால், கணக்கு சுலபம். எங்களிடம் 4 கறவை மாடு. மாட்டின் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அப்புறம் கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் 1 கிலோ என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கில் அடர்தீவனம் வைத்தால், 10 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு ஐந்தரைக் கிலோ ஆகிறது. நாலும் ஒரே நேரத்தில் கறவையில் இருக்காது, ஒன்று வற்றும்போது இன்னொன்று ஈனும், அதனால் எங்கள் வீட்டுச் சராசரி நாளுக்கு 20 கிலோ. 50 கிலோ மூட்டை இரண்டரை நாளைக்கு மேல் வராது. வருசத்துக்கு 140 சாக்குக்குக் குறையாது. எங்கள் வீட்டில் மட்டும். பால் சொசைட்டிக்கு முன்னால் காலையில் நிற்கிற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பத்தா காலத்தில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கோணியில் வந்தன. கோணி கிழிந்தால் கால்மிதி, அதுவும் கிழிந்தால் எருக்குழி, அதோடு கதை முடிந்தது. 1987-இல் மத்திய அரசு கொண்டுவந்த சணல் பொதிச் சட்டத்தின்படி உணவு தானியத்தையும் சர்க்கரையையும் கோணியில் கட்டச் சொல்கிறார்கள், மாட்டுத்தீவனம் அந்தக் கணக்கில் வராது. அதனால் கொள்முதல் நிலையத்தில் இருந்து நெல் பெரும்பாலும் கோணியில் கிளம்பிப் போகிறது, அதே நெல்லின் தவிடு பிளாஸ்டிக் சாக்கில் நம் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

சாக்கைத் திறப்பதில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேயே அதைக் கெடுத்துவிடுகிறார்கள். கத்தியை எடுத்து வாயை ஒரே வெட்டு. சாக்கு நாலு விரற்கடை குட்டையாகிவிடும், வெட்டின ஓரம் அன்றைக்கே நார் நாராகப் பிரிய ஆரம்பிக்கும், அந்த நார் தீவனத்தோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போகும். வாயைத் தைத்திருப்பது சங்கிலித் தையல். ஒரு முனையில் இருந்து இழுத்தால் இறுகும், தையல் முடிந்த முனையில் இருந்து இழுத்தால் மொத்தமும் சர்ரென்று ஒரே மூச்சில் அவிழ்ந்து வரும். எந்த முனை என்று குழப்பமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணியைத் தளர்த்திப் பாருங்கள், கை தானாகப் பழகிவிடும். என் மகளுக்கு இது ஒரு விளையாட்டு, மூட்டை வந்தால் "நான் இழுக்கிறேன்" என்று ஓடி வருவாள். அந்த நூலையும் நாங்கள் வீசுவதில்லை. அவரைப் பந்தலுக்குக் கொடி கட்ட அதுதான்.

நூல் உருவின சாக்கு முழுச் சாக்கு. பக்கவாட்டில் பார்த்தால் தையலே இருக்காது, வட்டத்தறியில் குழாய் மாதிரி நெய்து, அளவுக்கு வெட்டி, அடியை மட்டும் தைத்திருப்பார்கள். அதனால் அடித்தையலையும் பிரித்துவிட்டு நீளவாக்கில் ஒரு கோடு வெட்டினால் அகலமான துணி கிடைத்துவிடும். இப்படி 20 துணியைக் கோணி ஊசியால் ஒட்டித் தைத்தால் ஒரு படுதா. எங்கள் களத்தில் நிலக்கடலை காய்வது அதில்தான். வெட்டின ஓரத்தை ஊதுபத்தி நெருப்பில் லேசாக ஓட்டினால் நார் உருகி ஒட்டிக்கொள்ளும். வெளியில் நின்று செய்யுங்கள், நிதானமாகச் செய்யுங்கள்.

மழைக்குக் கொங்காடை போடுவது இன்னும் சுலபம். சாக்கின் அடிமூலை ஒன்றை உள்ளே தள்ளி எதிர்மூலைக்குள் செருகினால் கூம்பு மாதிரி ஒரு தொப்பி, முதுகு முழுக்க மறைக்கும், இரண்டு கையும் வேலைக்குச் சும்மா இருக்கும். குடை பிடித்துக்கொண்டு யாரும் புல் அறுக்க முடியாது. அம்மா இன்றைக்கும் ரெயின்கோட்டைத் தொடுவதில்லை. உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிற சாக்காகப் பார்த்து இரண்டைத் தனியாக மடித்து வைத்திருப்பார்.

எங்கள் வீட்டில் மாறாத சட்டம் ஒன்று உண்டு: யூரியா சாக்கும் தீவனச் சாக்கும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கழுவினாலும் சரி, உர சாக்கில் தவிடு கொட்டக் கூடாது. ஒட்டிக்கொண்டிருக்கிற யூரியாவே மாட்டுக்கு விஷமாகிவிடும், வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, மருத்துவர் வருவதற்குள் போன மாடுகள் உண்டு. அதே மாதிரி கோழிப்பண்ணையில் இருந்து வரும் பழைய சாக்கையும் வாங்குவதில்லை. நாமக்கல் பக்கம் கோழி எருவே தீவனச் சாக்கில்தான் கட்டி வரும், எரு தோட்டத்துக்கு நல்லது, அந்தச் சாக்கு நம் வீட்டுக் கோழிக் கூண்டுப் பக்கம் போனால் வெள்ளைக்கழிச்சலும் கூடவே போகலாம்.

இனி நான் செய்த முட்டாள்தனம். நாலு வருசத்துக்கு முன்னால் சாக்கைச் செடிப்பையாக்கலாம் என்று ஒரு ஆசை. 60 சாக்கில் மண்ணும் எருவும் நிரப்பி இஞ்சியும் மஞ்சளும் வைத்தேன். இஞ்சி நன்றாகவே வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தைரியத்தில் மிச்ச சாக்கை வெட்டி வரப்போரம் களை முளைக்காமல் இருக்க விரித்துவிட்டேன், ஆட்டுப்பட்டிக்கு மேற்கு வெயில் மறைக்கவும் கட்டினேன். சித்திரை வெயில் ஒன்றுதான் பார்த்தது. ஆடியில் காற்று எடுத்தபோது தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. இந்தச் சாக்கு பாலிபுரொப்பிலீன், முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் ரகம். மெல்லிய தாளாக இழுத்து, நாடாவாகக் கீறி, அந்த நாடாவை நெய்வது. வெயிலின் புற ஊதாக் கதிருக்கு இது கொஞ்சமும் தாங்காது, அதற்கென்று மருந்து கலந்து செய்தால்தான் தாங்கும், கடைக்குப் போய் இரண்டு மாசத்தில் காலியாகிற தீவனச் சாக்குக்கு எவன் அந்தச் செலவைச் செய்வான்?

நொறுங்கினது காற்றில் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த உழவுக்கு ரோட்டாவேட்டர் விட்டபோது கத்திகளில் வெள்ளை நார் சுற்றிச் சுற்றி, பஞ்சு மிட்டாய் மாதிரி உருண்டை பிடித்துவிட்டது. டிராக்டர்காரர் மூன்று தடவை இறங்கி அறுத்துப் போட்டார், நாலாவது தடவை என்னைப் பார்த்தார், பேசவில்லை. அதன் பிறகு குனிந்து குனிந்து பொறுக்கினதில் ஒரு வாளி சேர்ந்தது. இன்னும் மண்ணைக் கிளறினால் வருகிறது. ஆடு ஒன்று அந்த நாரை மென்றுகொண்டிருந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் நிஜமாகவே பயம் வந்தது, அசைபோடுகிற ஜீவனுக்கு வயிற்றில் பந்து கட்டினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அதனால் இப்போது சாக்கு கூரைக்குக் கீழே மட்டும். படுதாவையும் கடலை காய்ந்து முடிந்த அன்றைக்கே சுருட்டி உள்ளே போட்டுவிடுகிறேன். வெளியில் விட்ட சாக்கை நகத்தால் கீறிப் பார்ப்பேன், மாவு மாதிரி ஒட்டினால் அன்றைக்கே எடைக்கு ஒதுக்கிவிடுவேன். இழுத்து இழுத்து உழைக்க வைத்து நூலாகப் போன சாக்கை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார்.

சரி, மிச்சத்தை என்ன செய்வது? தீவனம் விற்கிற கடையில் கேட்டேன், காலிச் சாக்கைத் திருப்பி எடுப்பீர்களா என்று. சிரித்தார்கள். பொதியைச் சந்தைக்கு விடுகிறவர்தான் அதைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்பு என்று 2016-இன் பிளாஸ்டிக் கழிவு விதியிலும் 2022-இல் வந்த திருத்தத்திலும் இருக்கிறது, ஆனால் அந்தப் பொறுப்பு எங்கள் ஊர் மண் ரோடு வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. வருகிறவர் பழைய சாக்குக்காரர் ஒருவர்தான், டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில். நல்ல சாக்கு எண்ணிக்கைக்கு, கிழிந்தது எடைக்கு. தராசில் 10 சாக்கைப் போட்டால் 1 கிலோ சொச்சம், அதனால் எடைக்குப் போட்டுப் பணக்காரன் ஆக முடியாது.

அவரிடம் ஒரு பாடம் கற்றேன். சில சாக்குக்கு உள்ளே மெல்லிய கவர் ஒன்று தனியாக இருக்கும், அதை உருவித் தனிக் கட்டாகக் கொடுத்தால் விலை ஏறும் என்றார். ஏன் என்று யோசித்தால் விசயம் இருக்கிறது. உள் கவர் பாலிதீன், வெளிச் சாக்கு பாலிபுரொப்பிலீன், இரண்டையும் சேர்த்து உருக்கினால் வருகிற பிளாஸ்டிக் குருணை பலமில்லாமல் போகும். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பிரிக்கலாம் என்றால் இரண்டுமே மிதக்கிற ஜாதி. ஆக, கைதான் பிரிக்க வேண்டும், அதைக் கொட்டகையிலேயே செய்துவிட்டால் 10 வினாடி வேலை. உதறிக் கொடுப்பதும் அப்படித்தான், தவிடு ஒட்டின சாக்கைக் கழுவுகிற செலவை நம் விலையில்தான் கழிப்பார்கள். அச்சு மை இருப்பதால் குருணை கருப்பாகத்தான் வரும், பூந்தொட்டி, வாளி, கயிறு என்று போகுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் உதறி, 25, 25-ஆகக் கட்டி, வண்டியில் ஏற்றி அனுப்பினேன். பரண் காலி. மனசுக்கு அவ்வளவு நிம்மதி. சாயங்காலம் தூறல் விழுந்தது. அம்மா கொட்டகையில் இருந்து குரல் கொடுத்தார்: "ஏங்கண்ணு, என்ற கொங்காடைச் சாக்கு ரெண்டும் எங்க?"

பைக்கை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே போனேன். சாக்குக்காரர் ஏழாவது கட்டைப் பிரிக்கும்போது கிடைத்தது. எண்ணிக்கை கெட்டுவிட்டது என்று இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார், நான் விற்ற விலைக்கு மேலேயே.