அந்த 1,40,019-இல் அவள் இல்லை

2022-இல் ஒரு மழை ராத்திரி, எங்கள் மேல்வீட்டுப் பெண்ணோடு மகளிர் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இடது கண்ணுக்குக் கீழே வீங்கி இமை பாதி மூடிக்கொண்டிருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் புகாரை எழுதினேன். எஸ்.ஐ. அம்மா முழுசாகப் படித்தார். "எஃப்.ஐ.ஆர். போட்டா உன் வீட்டுக்காரர் வேலைக்குப் பிரச்சினை வரும்மா. அப்புறம் நீதான் வந்து அழுவே. ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சுப் பேசுறேன்" என்றார். புகார் மனுவை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைத்தது. அவள் அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தெருவுக்கு வந்ததும், "கேஸ் போட்டாச்சாக்கா?" என்று கேட்டாள். மனுவாக வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவளுக்கு வித்தியாசம் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வந்தால் அன்றே இறக்கிப் பார்த்துவிடுவேன். 2022-க்கான அறிக்கை 2023 டிசம்பரில் வந்தது. கணவர், கணவர் வீட்டாரின் கொடுமை என்ற வரிசையில் நாடு முழுக்க 1,40,019 வழக்குகள். காப்பகம் எண்ணுவது பதிவான வழக்குகளைத்தான், சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிந்துபோன புகார் அந்தக் கணக்கில் ஏறாது. அந்த எண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கிய கண்ணோடு ஒருத்தி படியேறி வந்தது அதில் எங்கேயும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனால் முதலில் ஒரு விசாரணை நடத்திப் பார்க்கலாம் என்று அதே தீர்ப்பு அனுமதித்த வகைகளில் கணவன் மனைவி தகராறும் ஒன்று. அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் எத்தனையோ பேருடைய அடிகள் 'பேசி அனுப்பப்பட்டு' விடுகின்றன.

இதனால்தான் "குற்றங்கள் அதிகரிப்பு" என்று தலைப்பு பார்த்ததும் கவலைப்படுகிறவர்களிடம், எந்தக் குற்றம் என்று முதலில் கேட்கிறேன். கொலை என்றால் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். பிணம் கிடைத்துவிட்டால் பேசி அனுப்ப முடியாது. 1992-இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 40,105. 2022-இல் 28,522. நடுவில் மக்கள்தொகை எவ்வளவு பெருகியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். லட்சம் பேருக்கு நாலரைக்கு மேல் இருந்தது, இரண்டு சொச்சத்துக்கு இறங்கியிருக்கிறது. நாடு கெட்டுப்போய்க்கொண்டே இருக்கிறது என்று தினமும் கேட்கிறோம். மிகக் கொடிய குற்றத்தின் கோடு முப்பது வருஷமாகக் கீழேதான் வந்திருக்கிறது. இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டுப்பட்டவரை ஆம்புலன்ஸ் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தால், அதே அரிவாள் வெட்டு கொலை முயற்சி வரிசைக்குப் போய்விடும்.

பாலியல் வன்கொடுமைக்கு வந்தால் கதையே வேறு. 2012-இல் 24,923 வழக்குகள், 2013-இல் 33,707. ஒரே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். அந்த ஒரு வருஷத்தில் ஆண்கள் அவ்வளவு மாறிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. 2012 டிசம்பரில் டெல்லி பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு நாடே தெருவுக்கு வந்தது. 2013 திருத்தச் சட்டம் வன்கொடுமைக்கான விளக்கத்தையே விரிவாக்கியது. இத்தகைய புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கும் தண்டனை உண்டு என்றது. பேசாமல் இருந்தவர்கள் பேசினார்கள், எழுதாமல் இருந்தவர்கள் எழுதினார்கள். அந்த ஏற்றத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது உண்மை. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது.

இன்னொரு விதியும் இருக்கிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் ஆகப் பெரியது மட்டும் கணக்கில் வரும். வன்கொடுமை செய்து கொன்றால் அது வன்கொடுமை வரிசையில் வராது. மொத்த எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. 2020-இல் மொத்தக் குற்றங்கள் 28 சதவீதம் கூடியதாக வந்ததே, அதில் ஒரு பெரிய பகுதி ஊரடங்கு மீறல். அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவதற்கான 188-ஆவது பிரிவில் முந்தைய ஆண்டு 29,469 வழக்குகள். அந்த ஆண்டு 6,12,179.

காவல் நிலையத்துக்கே வராதவற்றை அறிய வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் வழி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், அடி உதையோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. உதவி என்றால் பெரும்பாலும் பிறந்த வீடு. போலீஸ் வரை போனவர்கள் மிகச் சிலர். வகுப்பில் இந்த 14-ஐச் சொல்லும்போதெல்லாம் என் குரல் இறங்கிவிடுகிறது. என் மேல்வீட்டுப் பெண் அந்த மிகச் சிலரில் ஒருத்தி. அப்படியும் அவள் கணக்கில் வரவில்லை.

2023-க்கான அறிக்கை 2025 செப்டம்பரில்தான் வந்தது. கணவர் வீட்டுக் கொடுமை 1,33,676. முந்தைய ஆண்டைவிட 6,343 குறைவு. இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதி, குறைந்ததற்கு என்னென்ன காரணம் இருக்கலாம், தோன்றியதையெல்லாம் எழுதுங்கள் என்றேன். சட்டம், சம்பாத்தியம், படிப்பு என்று நிறைய வந்தது. கடைசி பெஞ்ச் மாணவி ஒருத்தி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "ஸ்டேஷனுக்குத் துணைக்கு வர ஆள் கிடைக்காமல் இருந்திருக்கலாம்." பெயரைப் பார்த்துக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் அவளோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசினேன்.