ஒயர்மேன் ஹெல்பர் சர்டிபிகேட்: பரீட்சை சுலபம், கையெழுத்துதான் கஷ்டம்

மின்கம்பியாள் உதவியாளர் சான்று கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. சந்தோஷப்பட வேண்டியவன் இன்னும் எரிச்சலில்தான் இருக்கிறேன். பரீட்சை பற்றிக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடுவேன்: சுவர் வெட்டி, பைப் போட்டு, ஒயர் இழுத்து, மெயின் போர்டு கட்டியவன் பயப்பட ஒன்றுமில்லை. கட்டணம் 200 ரூபாய், 21 வயது முடிந்திருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. என்னை அலையவிட்டது, லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்து போட்டுத் தர வேண்டிய 5 வருட அனுபவச் சான்று என்கிற ஒரே ஒரு காகிதம்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைப் புரட்டிப் போட்டதே, அதற்கு அடுத்த மாதம் நான் எடுபிடியாகச் சேர்ந்தேன். ஊர் முழுக்க மரமும் கம்பமும் சாய்ந்து கிடந்ததில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. அஞ்சு வருஷத்துக்கு மேல் ஒரே கான்ட்ராக்டரிடம் இருந்தேன், கடைசியில் கூலி பாக்கி விஷயத்தில் வாய்ச்சண்டை ஆகி வெளியே வந்துவிட்டேன். அப்புறம் பாண்டிச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடைக்கு அந்தப் பக்கம், பாண்டிச்சேரி கான்ட்ராக்டர் ஒருவரிடம் ஆறு வருஷம். இப்போது தனியாகச் செய்கிறேன்.

பாண்டிச்சேரிக்காரரிடம் லெட்டர்பேடில் அனுபவக் கடிதம் வாங்கிக்கொண்டு, பரீட்சைக்கு விண்ணப்பம் கொடுக்கிற ஆபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் முழுசாகப் படிக்கக்கூட இல்லை. "இது பாண்டிச்சேரி லைசென்ஸ்பா, இங்க செல்லாது. தமிழ்நாட்டு லைசென்ஸ் உள்ளவர்கிட்ட வாங்கிட்டு வா." சார், இங்கேயிருந்து அரை மணி நேரத்தில் போகிற ஊர், அங்கேயும் இதே கரண்ட்தானே என்றேன். "அதெல்லாம் என்கிட்ட பேசாத." ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, பள்ளிச் சான்றில் பின்னால் இருக்கிறது என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. அதற்கென்று இன்னொரு நாள் கூலி போனது.

ஊரில் லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் போனேன். புது வீட்டு மீட்டருக்கு டெஸ்ட் ரிப்போர்ட், அதாவது ஒயரிங்கைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்கிற காகிதம், வேண்டுமென்றால் நான் வழக்கமாகப் போகிற ஆள்தான். ஒரு கையெழுத்துக்கு 1500 வாங்குவார், வீட்டை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நான் போட்ட எர்த் குழியில் கரியும் உப்பும் இருக்கிறதா, வெறும் மண்தானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை என் வேலை மேல்! அப்படிப்பட்டவர், அனுபவச் சான்று என்றதும் சிரித்தார். "நீ சர்டிபிகேட் வாங்கிட்டா நாளைக்கு என்கிட்ட யாருப்பா வருவா?" இன்னொருவர் 8000 கேட்டார், அதுவும் நான் அவரிடம் வேலை பார்த்ததாகப் பொய்க் கணக்கு எழுதித் தருவாராம்.

லைசென்ஸே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டில், கரண்ட் வருகிற ஃபேஸ் ஒயரில் கொடுக்க வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் கொடுத்து வைத்திருந்தார்கள். சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரைத் தொட்டேன், தூக்கி அடித்தது. ஏணியில் இல்லாமல் ஸ்டூலில் நின்றதால் பிழைத்தேன். பெயிண்டர் தப்புச் செய்தால் சுவர் அசிங்கமாகும், எங்கள் தப்பு ஆளைக் கொல்லும். பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்ற விதியே விலக்கு கொடுக்கிறது. அதற்கு மேல் போனால் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர், தகுதிச் சான்று உள்ள ஆளின் மேற்பார்வை என்று கேட்கிறார்கள், நியாயம்தான். பரீட்சைக்குப் படித்தபோதுதான் எனக்கே ஒயரில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற 500 வோல்ட் மெக்கர் கருவியில் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும் என்கிற கணக்கு ஒழுங்காகப் புரிந்தது, அதுவரை டெஸ்ட் லேம்ப் எரிந்தால் சரி என்று விட்டிருக்கிறேன். ஆனால் நான் எவனோடு போட்டி போடப் போகிறேனோ அவன் கையெழுத்து போட்டால்தான் நான் பரீட்சையே எழுத முடியும் என்பது என்ன நியாயம்?

கடைசியில் ரோஷத்தை விட்டுப் பழைய முதலாளி வீட்டுக்கே போனேன், நெல்லிக்குப்பம் ரோட்டில். சண்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உள்ளே போய்ப் பழைய ஆள் கணக்கு நோட்டுகளை எடுத்து வந்தார். 2012 ஜனவரியிலிருந்து என் பேர், நாள் வாரியாக, பாதி ஓரம் கரையான் அரித்து. எழுதிக் கையெழுத்து போட்டு, லைசென்ஸ் நகலும் கொடுத்து, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பாக்கிக் கூலியையும் தரவில்லை, அது வேறு கதை.

யாரிடமாவது வேலை பார்க்கிற தம்பிகளுக்கு: வருஷா வருஷம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முதலாளியோடு நல்லபடியாக இருக்கும்போதே. லைசென்ஸ் எண், அது எந்தத் தேதி வரை செல்லும், எந்த மாநிலம் கொடுத்தது, மூன்றையும் பாருங்கள். பேரும் இனிஷியலும் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். கவுன்டரில் "வேற ஏதாவது குறையுதா சார்" என்று இரண்டு தடவை கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சான்றை வைத்துக்கொண்டு டெஸ்ட் ரிப்போர்ட்டில் நானே கையெழுத்து போட முடியாது, அதற்குக் கான்ட்ராக்டர் உரிமம் தனி. போன வாரம் மஞ்சக்குப்பத்தில் ஒரு புது வீட்டுக்கு அதே ஆளிடம்தான் போனேன். 1500 வாங்கிக்கொண்டார். வீட்டைப் பார்க்க வரவில்லை.