த்ராம்ப்லே: ஒரு குடும்பப் பெயரின் வேர் தேடும் குறிப்புகள்

ஜனவரி 8, திங்கள்

கனடாவின் கியூபெக்கில் நூறு பேரை நிறுத்தினால் ஒருவராவது த்ராம்ப்லே (Tremblay). மாகாணப் புள்ளியியல் நிறுவனத்தின் 2006 பட்டியலில் இந்தப் பெயர்தான் முதலிடம், மக்கள்தொகையில் சுமார் 1.1 சதவீதம். இத்தனை பேரும் கிட்டத்தட்ட ஒரே ஆளிடமிருந்து வந்தவர்கள்: பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து 1647இல் கப்பலேறிய பியேர் த்ராம்ப்லே.

தேடுபவர்கள் செய்யும் முதல் தப்பு, நேரே பிரான்சுக்குத் தாவுவது. பிரான்சில் இது ஊர்ப் பெயரிலிருந்து பல இடங்களில் தனித்தனியாக முளைத்த பெயர். பாரிசுக்குப் பக்கத்து த்ராம்ப்லேயும் பெர்ஷ் த்ராம்ப்லேயும் உறவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கனடாவில் ஒரே வேர், பிரான்சில் பல வேர். ஆகவே இன்றிலிருந்து பின்னோக்கி, தலைமுறை தலைமுறையாகத்தான் போக வேண்டும்.

ஜனவரி 10, புதன்

பெயரின் பொருள். 'த்ராம்ப்ள்' என்பது ஒரு மரம், பாப்லர் இனம். அதன் இலைக்காம்பு உருண்டையாக இல்லாமல் நாடா போலப் பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். அதனால் காற்று இருப்பதே தெரியாத நேரத்திலும் இலை படபடக்கும், நம் அரசிலை போல. லத்தீனில் 'ட்ரெமுலுஸ்' என்றால் நடுங்குவது. அதோடு தோப்பைக் குறிக்கும் '-ஏட்டும்' விகுதி சேர்ந்து தேய்ந்ததுதான் 'த்ராம்ப்லே'. அதாவது நடுங்குமரத் தோப்பு.

இதே அச்சில் வார்த்தவை: ஃப்ரேனே (சாம்பல் மரத் தோப்பு), ஓல்னே (ஆல்டர் தோப்பு), ஷேனே (ஓக் தோப்பு), பூலே (பிர்ச் தோப்பு). மாங்காடு, ஆலங்காடு, பனங்காடு என்று ஊர்ப் பெயர் அமைவது போலத்தான். ஊரை விட்டு வெளியேறியவனை அடுத்த ஊர்க்காரர்கள் 'த்ராம்ப்லேக்காரன்' என்று அழைத்திருப்பார்கள், அது ஒட்டிக்கொண்டது. பழைய பதிவேடுகளில் கடைசி அசையை எழுத்தர் தன் காதுக்கேற்ப நாலு விதமாக எழுதியிருப்பார், முன்னால் 'து' சேர்த்தும் எழுதியிருப்பார். அந்த 'து'வைப் பார்த்துப் பிரபு வம்சம் என்று மயங்க வேண்டாம். 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 13, சனி

வேலையின் முதுகெலும்பு திருமணப் பதிவு. பிறப்புப் பதிவு அல்ல.

காரணம் எளிது. கியூபெக் தேவாலயத் திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் தாய் தந்தை பெயரும் இருக்கும். தாயை அவள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருப்பார்கள். ஆகவே ஒரு பதிவு கிடைத்தால் அடுத்த பதிவுக்கான சாவி கையில்: தந்தை பெயர், தாய் பெயர், இரண்டையும் ஜோடியாகவே தேட வேண்டும். 'ழோசெஃப் த்ராம்ப்லே' என்று மட்டும் தேடினால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். மனைவி பெயரோடு சேர்த்தால் பெரும்பாலும் ஒரே ஜோடிதான் மிஞ்சும்.

சறுக்கும் இடங்கள்:

மறுமணம். துணையை இழந்தவர் மீண்டும் மணந்தால் பாதிரியார் பெற்றோர் பெயரை விட்டுவிட்டு 'இன்னாரின் விதவை', 'இன்னாரை இழந்தவர்' என்று மட்டும் எழுதுவார். சங்கிலி அங்கே அறுந்தது போலத் தோன்றும். முதல் திருமணப் பதிவைத் தேடிப் போனால் பெற்றோர் பெயர் அங்கே இருக்கும்.

வயது. எண்ணுக்குப் பதில் 'மேஜர்', 'மைனர்' என்றுதான் பல பதிவுகளில் இருக்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மேஜர் வயது 25. 1782க்குப் பிறகு 21. 1760இல் ஒருவரை மேஜர் என்று எழுதியிருந்தால் அவர் 1735இலோ அதற்கு முன்போ பிறந்தவர். இதைக் கவனிக்காமல் நாலு வருஷம் தள்ளித் தேடி வேறொருவரைப் பிடித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு பதிவும் இரண்டு பிரதி: ஒன்று தேவாலயத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. ஒன்றில் மை பரவியோ எலி கடித்தோ இருந்தால் மற்றதைப் பார்க்கலாம். இரண்டும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்காது. பிரதி எடுத்தவர் ஒரு பெயரை விட்டிருப்பார். இந்த ஏற்பாடு 1993 முடிய நடந்தது. 1994 முதல் எல்லாம் மாகாணக் குடிமைப் பதிவகத்தின் பொறுப்பு.

ஜனவரி 17, புதன்

ஞானஸ்நானப் பதிவில் ஒரு தொல்லை. பையன் என்றால் பெயருக்கு முன் ழோசெஃப், பெண் என்றால் மரி, இது வழக்கம். வீட்டில் கூப்பிட்ட பெயர் பெரும்பாலும் கடைசியில் இருப்பது. முதல் பெயரை நம்பித் தேடினால் ஊரே ழோசெஃப்தான். இன்னொன்று: குழந்தை இறந்தால் அடுத்து பிறந்ததற்கு அதே பெயர். ஞானஸ்நானம் கிடைத்ததும் அடக்கப் பதிவையும் ஒருமுறை புரட்டிப் பார்க்காதவர்கள், செத்த குழந்தைக்குக் கல்யாணம் செய்து வைத்துவிடுகிறார்கள்.

ஜனவரி 20, சனி

பியேரும் ஒஸான் அஷோனும் மணந்தது 1657 அக்டோபர் 2, கியூபெக் நகரில். அவள் பிரான்சின் மேற்குக் கரையில் ஓனிஸ் பகுதியின் ஷாம்போன் ஊர்க்காரி. 12 பிள்ளைகள். அதில் பெயரைத் தொடர்ந்தவர்கள் பியேர், மிஷெல், ழாக், லூயி என்ற நான்கு மகன்கள். கியூபெக் நகருக்குக் கீழே லான்ஜ்-கார்தியேன் ஊரில் தொடங்கிய குடும்பம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றோரமாகவே பே-சேன்-போல், லே-செபூல்மான், லா மால்பே என்று நகர்ந்தது. பின்னால் மலை, முன்னால் ஆறு, நடுவில் கொஞ்சம் நிலம். அது பத்தாமல் போனபோது 1838இல் லா மால்பேயிலிருந்து 'இருபத்தொருவர் சங்கம்' சாகனே பள்ளத்தாக்குக்குள் மரம் வெட்டவும் குடியேறவும் புறப்பட்டது. அதை முன்னின்று நடத்தியவர் அலெக்சி த்ராம்ப்லே.

இவருக்குப் 'பிகோத்தே' என்று ஒட்டுப்பெயர், அம்மைத் தழும்புக்காரர் என்று பொருள். பிரெஞ்சில் 'தி' என்பது நம் 'என்கிற'. 'அலெக்சி த்ராம்ப்லே தி பிகோத்தே'. எல்லோரும் த்ராம்ப்லே ஆகிவிட்ட ஊரில் குடும்பப் பெயர் யாரையும் பிரித்துக்காட்டாது. ஒட்டுப்பெயர்தான் காட்டும், பரம்பரையாகவும் தொடரும். சில அட்டவணைகளில் ஆளை ஒட்டுப்பெயரின் கீழ் மட்டுமே வைத்திருப்பார்கள். இரண்டு எழுத்தின் கீழும் தேட வேண்டும்.

இத்தனை நெருங்கிய ஊர்களில் இன்னொரு புதையல், உறவுக்குள் மணக்கத் திருச்சபை தந்த விதிவிலக்கு அனுமதி. நமக்கு அத்தை மகள் முறைப்பெண். அங்கே அந்தக் காலத்தில் பிஷப்பின் அனுமதி இல்லாமல் தூரத்து உறவிலும் தாலி கட்ட முடியாமல் இருந்தது. பதிவில் 'மூன்றாம் படி' என்றால் இருவருக்கும் கொள்ளுத்தாத்தா பாட்டி பொது. 'நான்காம் படி' என்றால் எள்ளுத்தாத்தா பாட்டி. 'மூன்றுக்கு நான்கு' என்றிருந்தால் ஒரு பக்கம் மூன்று தலைமுறை, மறுபக்கம் நான்கு. நீங்கள் வரைந்த மரத்தில் அந்தப் பொது ஜோடி வரவில்லையானால், எங்கோ தப்பான ழோசெஃபை ஏற்றியிருக்கிறீர்கள். இதைவிட நல்ல தணிக்கை வேறில்லை.

ஜனவரி 27, சனி

1840க்கும் 1930க்கும் இடையே சுமார் 9 லட்சம் பிரெஞ்சுக் கனடியர் அமெரிக்கா போனார்கள், பெரும்பகுதி நியூ இங்கிலாந்து பஞ்சாலைகளுக்கு: லோவெல், மான்செஸ்டர், லூயிஸ்டன், வூன்சாக்கெட். ஆங்கிலக் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்த மூக்கொலியை 'ஆம்', 'ஓம்', 'எம்' என்று இஷ்டத்துக்கு எழுதினார். த்ராம்ப்லே ட்ராம்ப்ளி ஆனது, ட்ரோம்ப்ளி ஆனது, ட்ரெம்ப்ளி ஆனது. இணையத் தேடலில் முதல் உயிரெழுத்தின் இடத்தில் கேள்விக்குறி, 'ப்ல'வுக்குப் பிறகு நட்சத்திரக்குறி போட்டால் எல்லாம் வலையில் விழும்.

இந்தப் பெயர் உருச் சிதைந்ததோடு தப்பியது. வேறு சில பெயர்களை மொழிபெயர்த்தே விட்டார்கள். ருவா 'கிங்' ஆனார், லெப்லான் 'ஒயிட்' ஆனார், புவாவேர் 'கிரீன்வுட்' ஆனார். வேடிக்கை லெஃபேவ்ர்: கொல்லன் என்று பொருள்படும் பெயரை 'ஃபேவ்', அதாவது அவரை, என்று நினைத்து 'பீன்' என்று மொழிபெயர்த்தார்கள்.

அமெரிக்க ஆவணத்தில் மனைவி கணவன் பெயருக்குள் மறைந்துவிடுவாள். அவள் பிறந்த வீட்டுப் பெயர் இல்லாமல் கியூபெக்குக்குத் திரும்ப வழியில்லை. அதற்கு அந்த மில் ஊரின் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுதான் பாலம்.

பிப்ரவரி 3, சனி

கடைசிக் கடல் தாண்டல். பெர்ஷிலிருந்து ஆள் போகக் காரணம், மோர்தாஞ் பக்கத்து ரொபேர் ஜிஃபார் 1634இல் கியூபெக் நகருக்கு அருகே போபோர் நிலத்தைப் பெற்று அக்கம்பக்கத்தவரைத் திரட்டியது. பிறகு தூரூவ்ரின் ழூஷ்ரோ சகோதரர்கள் ஆள் சேர்த்தார்கள். ஒப்பந்தம் வழக்கமாக மூன்றாண்டு. அதனால்தான் இவர்களை 'முப்பத்தாறு மாதக்காரர்கள்' என்றார்கள். போகும் செலவு, சாப்பாடு, ஆண்டுச் சம்பளம் எல்லாம் நோட்டரி பத்திரத்தில் இருக்கும். ஊர்ப் பதிவேடு அழிந்த இடத்தில் அந்தப் பத்திரம் கைகொடுக்கும்.

பியேரின் ஊர் ராந்தொனே, இன்றைய ஓர்ன் மாவட்டம். தந்தை ஃபிலிபேர். கனடாத் திருமணப் பதிவில் ஊருக்குப் பக்கத்தில் மறைமாவட்டப் பெயர், அதாவது ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதியின் பெயர், இருக்கும். மாவட்டங்கள் 1790இல் வந்தவை, இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. மறைமாவட்டப் பெயரை மாவட்டமாக எடுத்துக்கொண்டு தப்பான ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவது வாடிக்கை.

பிரான்சில் ஞானஸ்நானப் பதிவை 1539 ஆணை கட்டாயமாக்கியது, திருமணமும் அடக்கமும் 1579இல். இரண்டாம் பிரதி 1667க்குப் பிறகுதான் முறைப்பட்டது. அதற்கு முந்தையது போனால் போனதுதான். 1560களுக்கு முன் பல இடங்களில் ஆண்டு ஈஸ்டரில் தொடங்கியது, ஆகவே அந்தக் காலப் பிப்ரவரிப் பதிவுக்கு ஓராண்டு கூட்ட வேண்டும். 1582 டிசம்பர் 9க்கு மறுநாள் டிசம்பர் 20. அந்தப் பத்து நாளில் யாரும் பிறக்கவில்லையே என்று பக்கம் கிழிந்ததாக நினைக்க வேண்டாம்.

பிப்ரவரி 5, திங்கள்

மரபணுச் சோதனை. ஆண்வழி ஒய் குரோமோசோம் மட்டும்தான் பெயரோடு சேர்ந்து பயணிக்கும். ஒருவரைச் சோதித்து ஒன்றும் தெரியாது. மிஷெலின் வழியில் ஒருவர், லூயியின் வழியில் ஒருவர், இருவர் காகிதச் சங்கிலியும் முழுமையாக இருக்க வேண்டும். இரண்டு முடிவும் பொருந்தினால் அது பியேரின் முத்திரை. 12 குறிகள் மட்டும் பார்க்கும் மலிவுச் சோதனை போதாது, சம்பந்தமில்லாதவர்களும் அதில் பொருந்துவார்கள். பொருந்தாவிட்டால் முதலில் தத்தெடுப்பையும் பதிவேட்டுத் தப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

1981 ஏப்ரல் 2 முதல் கியூபெக்கில் மணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயே குடிமை உரிமைகளைப் பயன்படுத்த வேண்டும், குழந்தைக்கு இரு வீட்டுப் பெயரையும் சேர்த்து வைக்கலாம். இனிமேல் மரம் வரைபவர்கள் இணைப்புக் கோடு போட்ட பெயர்களையும் தேடல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவும்: த்ராம்ப்லே முதலிலும் வரும், இரண்டாவதாகவும் வரும்.