பையில் இருந்த ஸ்பேர் போர்டு

தண்டையார்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகளும் அவள் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் உட்கார்ந்து ரோபோ கட்டுவார்கள். சால்டரிங், வயரிங் நான் சொல்லிக்கொடுப்பேன். புரோகிராம் எல்லாம் அவர்களே.

போன டிசம்பரில் ஒரு கல்லூரியில் ரோபோ சாக்கர் போட்டி. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் ஒண்டிக்கு ஒண்டி. அரையிறுதியில் எதிரே எண்ணூர்ப் பிள்ளைகள். ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் அவர்கள் மேஜையிலிருந்து கருகுகிற வாசனை. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற மோட்டார் டிரைவர் போர்டு போய்விட்டது. எல்298என் என்கிற அந்தச் சின்ன சிவப்பு போர்டு, மோட்டார் மாட்டுகிற ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். இரண்டு ரோபோக்கள் முட்டிக்கொண்டு சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், மோட்டார் இழுக்கிற கரண்ட் பல மடங்கு ஏறும். முந்தின ஆட்டம் முழுக்க அவர்கள் முட்டியேதான் ஜெயித்திருந்தார்கள்.

அதே போர்டு ஒன்று என் மகள் பையில் ஸ்பேராக இருந்தது. பை ஜிப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வேணாம் என்று தலையாட்டினேன்.

ஆடாமலே இறுதிக்குப் போனோம். இரண்டாம் பரிசு. பஸ்ஸில் கோப்பையை மடியில்கூட வைத்துக்கொள்ளவில்லை, காலுக்கடியில் போட்டுவிட்டாள். ராயபுரம் தாண்டும்போது ஒன்றுதான் கேட்டாள்: "நைனா, அந்த போர்டு இருநூறு ரூபா கூட வராதே?"

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் மச்சான் காசிமேட்டில் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவன். கடலில் எவன் இன்ஜின் நின்றாலும், வயர்லெஸில் கூப்பிட்டால் பக்கத்து லாஞ்சு வந்து கயிறு கட்டி இழுத்து வரும். மறுநாள் விடியற்காலை ஏலத்தில் அதே இரண்டு பேரும் விலைக்காகக் கத்திக்கொண்டு நிற்பார்கள். இதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஒரு கோப்பைக்காகப் பிள்ளையின் கையைத் தடுத்துவிட்டேன்.

ஆனால் தப்பு என்னுடையது மட்டும் இல்லை. எதிராளி விழுந்தால்தான் உனக்கு லாபம் என்று விதி எழுதினால், பெரியவனே அப்படித்தான் யோசிக்கிறான். விதியை மாற்றி எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். வெக்ஸ் ஐக்யூ என்று பிள்ளைகளுக்கான ரோபோ போட்டி ஒன்று, அதில் ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டு அணிகளின் ரோபோக்கள் ஒரே களத்தில் 60 விநாடி சேர்ந்து ஆடும், கிடைக்கிற புள்ளி இரண்டு அணிக்கும் அப்படியே போகும். அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் என்கிற பெயரில் நடக்கும் ரோபோ போட்டியில் மூன்று அணிக்கு எதிராக மூன்று அணி மோதும். அதில் 2012-ல் களத்துக்கு நடுவே ஆடுகிற பாலம் ஒன்றை வைத்தார்கள். தகுதிச் சுற்றில் இந்தப் பக்க ரோபோ ஒன்றும் எதிர்ப்பக்க ரோபோ ஒன்றும் அதில் சேர்ந்து ஏறி, சாயாமல் நிறுத்தினால் இரு தரப்புக்கும் தலா 2 தகுதிப் புள்ளி. ஆட்டத்தை ஜெயித்தாலும் அதே 2 புள்ளிதான்! இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று எண்ணூர்ப் பிள்ளைகளின் சாரிடம் பேசி வரவழைத்தேன். மொட்டை மாடியில் எட்டுக்கு நாலு ப்ளைவுட், சோடா மூடிகள், ஒரு அட்டைப்பெட்டி, 60 விநாடி. முதல் சுற்றில் இரண்டு ரோபோவும் ஒரே மூடிக்குப் பாய்ந்து மோதிக்கொண்டன. நாலு மூடிதான் விழுந்தது. அப்புறம் எண்ணூர்ப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "எங்களுது இடது பக்கமா இழுக்கும் அக்கா. நேரா வராது. ஆனா நல்லா தூக்கும்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் கவனித்தேன். ஒண்டிக்கு ஒண்டியில் எந்தப் பிள்ளையும் தன் ரோபோவின் குறையை எதிராளியிடம் சொல்லாது. இங்கே சொன்னால்தான் ஆட்டமே நடக்கும். என் மகள் உடனே லேப்டாப்பைத் திருப்பி, இடது மோட்டாரின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். எட்டுத் தலையும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்தன. கடைசிச் சுற்றில் அவர்கள் மூடியைத் தூக்கி ஓரத்தில் வைக்க, எங்களுடையது பெட்டிக்குள் தள்ளியது. பதினொன்று.

முட்டி மோதுகிற ஆட்டத்தின் விறுவிறுப்பு இதில் கொஞ்சம் குறைவுதான், பிள்ளைகளே சொன்னார்கள். அதனால் ஒண்டிக்கு ஒண்டி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போட்டி நடத்துகிறவர்களுக்கு என் கோரிக்கை இதுதான்: இறுதிச் சுற்று எப்படியோ இருக்கட்டும், முதல் சுற்றுகளையாவது சேர்ந்து ஆடும்படி வையுங்கள். ஸ்பேர் கொடுத்த அணிக்கு ஒரு புள்ளி கொடுங்கள்.

அந்த போர்டு இப்போது எண்ணூர் ரோபோவில் ஓடுகிறது. வருகிற ஞாயிறு மறுபடியும் மாடியில் கூடுகிறோம், காலை ஒன்பது மணி. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் ரோபோ கட்டுகிற பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள். ப்ளைவுட்டும் சார்ஜரும் என் பொறுப்பு.