கொட்டிப் போகாத கோடு

நவம்பர் 4, திங்கள், கோத்தகிரி

குன்னூரில் தங்கும் விடுதி நடத்தும் ஒரு அக்கா வரையாட்டுப் படம் ஒன்று அனுப்பியிருக்கிறார். வனத்துறை அனுமதியோடு முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குப் போன உறவினர் எடுத்ததாம். பாறை விளிம்பில் ஒரு கிடா, பின்னால் முழுக்க மூடுபனி. வரவேற்பறைச் சுவருக்கு மூன்றடி அகலத்தில் இரும்புத் தகட்டில் வெட்டித் தர வேண்டும், கறுப்புப் பூச்சு.

அகலம் 900 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன். 2 மி.மீ. சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) போதும். அது சதுர மீட்டருக்கு 15.7 கிலோ. வெட்டிக் கழித்தது போகச் சுவரில் நாலைந்து கிலோதான் தொங்கும்.

படம் அருமையான படம். ஆனால் போட்டோ என்பது வெறும் புள்ளிகள். தகட்டை வெட்டும் லேசர் தலைக்குப் புள்ளியால் பயனில்லை, எங்கே தொடங்கி எங்கே வந்து முடிய வேண்டும் என்ற கோடு வேண்டும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

நவம்பர் 5, செவ்வாய்

இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், படத்தைத் தானாகக் கோடாக்கும் ‘டிரேஸ் பிட்மேப்’ கொடுத்துப் பார்த்தேன். உள்ளே ஓடுவது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ். கறுப்பு எது, வெள்ளை எது என்று சொல்லிவிட்டால் வளைவுகளை அழகாகப் பிடிக்கும். கறுப்பு எது என்று முடிவு செய்வதுதான் அதற்குத் தெரியாது. வெளிச்ச அளவு (அதைவிட இருண்டதெல்லாம் கறுப்பு) 0.45-இல் ஆட்டின் முதுகே காணாமல் போய்விட்டது. ஏற்றினால் முதுகு வருகிறது, கூடவே பாறையும் பனியும் சேர்ந்து ஒரே கறுப்பு.

காரணம் ஆட்டின் சேணம். வளர்ந்த கிடாவின் கரும்பழுப்பு உடம்பில், முதுகுப் பக்கம் சேணம் போட்டது போல வெளிறிய ஒரு திட்டு இருக்கும். அதுவும் பின்னால் உள்ள பனியும் படத்தில் ஒரே வெளிச்சம். கணினி இரண்டையும் வெள்ளை என்று அள்ளிக்கொண்டு போகிறது. அதைக் குறை சொல்லி என்ன பயன்? அது ஆட்டைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது.

விளிம்புகளை மட்டும் தேடிக் கோடு போடும் ‘எட்ஜ் டிடெக்‌ஷன்’ முறையைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். வெட்டு வேலைக்கு அது வேண்டாம் என்பேன். ஒவ்வொரு விளிம்புக்கும் இரட்டைக் கோடு போடும், இயந்திரம் இரண்டையும் வெட்டும், நடுவில் நூல் போல ஒரு இரும்பு சுருண்டு விழும்.

நவம்பர் 7, வியாழன்

காலையிலிருந்து மழை, மதியம் வரை கரண்ட் இல்லை. வந்ததும் படத்தை அடியில் வைத்துவிட்டு, மேலே கையால் வரைய ஆரம்பித்தேன்.

கொம்பில் வெகுநேரம் போனது. வரையாட்டுக் கொம்பு நெற்றியிலிருந்து மேலே எழுந்து பின்னால் வளைந்து இறங்கும். தானாக டிரேஸ் செய்ததில் அந்த ஒரு வளைவுக்கு எண்பது நோட் (கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளி) விழுந்திருந்தது. நான் ஐந்து நோட் வைத்தேன்: அடி, வளைவின் உச்சி, நுனி, உள்பக்கம் இரண்டு. நோட்டில் இருக்கும், வளைவை மாற்றும் பிடிகளை இழுத்துச் சரி செய்தால் வில் போல நிற்கிறது. நோட் கூடினால் விளிம்பு நடுங்கும். லேசர் தலையும் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் வேகம் குறைத்துக் குறைத்துப் போகும், அந்த இடத்தில் சூடு ஏறி விளிம்பு பிசிறும்.

அப்புறம் சேணம். அதை ஒரே ஓட்டையாக வெட்டினால் ஆடு இரண்டாகப் பிளந்த மாதிரி தெரிகிறது. அதனால் முடி படிந்திருக்கும் திசையில் நீளமான கீற்றுகளாக வெட்டினேன். நடுவில் அகலம், இரு நுனியும் கூர். கீற்றுக்குக் கீற்று 4 மி.மீ. இரும்பு விட்டிருக்கிறேன். சுவர் வெள்ளை என்பதால் கீற்று வழியே வெள்ளை தெரியும், தள்ளி நின்று பார்த்தால் வெளிறிய திட்டாகவே இருக்கும். தகட்டுக்கு நிறம் ஒன்றுதான். சாம்பல் வேண்டுமென்றால் இப்படி வெட்டித்தான் வாங்க வேண்டும்.

நவம்பர் 9, சனி

மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை. கணபதியில் வெட்டும் பட்டறை. நான் போனபோது வேறு யாரோ கொடுத்த மயில் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு ஆபரேட்டர் தம்பி தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். “பாருங்கண்ணா, இதை வெட்டுனா தோகைக் கண்ணெல்லாம் கொட்டிப் போயிருங்களே. நான் என்ன பண்றது?” என்றார். ஒவ்வொரு கண்ணும் தனி வட்டம், எதோடும் ஒட்டவில்லை. காகிதத்தில் நிற்கும், இரும்பில் நிற்காது. வட்டத்துக்கு இரண்டு பாலம், அதாவது சுற்றியுள்ள தகட்டோடு சேர்க்கும் இரும்புப் பட்டை, போட்டுத் தரச் சொல்லித் திருப்பி அனுப்பச் சொன்னேன். பாலம் தகட்டின் கனத்தைவிடக் குறையக் கூடாது. 2 மி.மீ. தகட்டுக்கு நான் 3-க்குக் கீழே போவதில்லை. கையாளும்போதே வளைந்துவிடும்.

என் ஃபைலில் அவர் பார்த்தது மூன்றே விஷயம்: எல்லாக் கோடும் மூடியிருக்கிறதா, கோட்டின் மேல் கோடு இருக்கிறதா, மொத்த அகலம் 900 வருகிறதா. அகலத்தை நான் எப்போதும் வாய்விட்டே சொல்லிவிடுவேன். இன்க்ஸ்கேப் 0.92 வந்த 2017-இலிருந்து அங்குலத்துக்கு 96 புள்ளி, அதற்கு முன் 90. பழைய ஃபைலைக் கவனிக்காமல் திறந்தால் 900 இருக்க வேண்டியது 844-க்கு வந்து நிற்கும்.

கூலி வெட்டும் நீளத்துக்கும், எத்தனை இடத்தில் துளைத்து இறங்குகிறது என்பதற்கும்தான். டிரேஸில் மிஞ்சும் தூசிப் புள்ளிகளைத் துடைத்தெடுக்க இதுவே போதுமான காரணம். ஒவ்வொன்றும் ஒரு துளை, ஒவ்வொன்றும் காசு.

நவம்பர் 12, செவ்வாய்

பக்கத்துத் தெரு ஆசிரியர் வீட்டுக்குப் பெயர்ப் பலகை: ‘குறிஞ்சி இல்லம்’. எழுத்து இரும்பாக நிற்க வேண்டும் என்கிறார், ஓட்டையாக அல்ல.

ஓட்டையாக இருந்தால் கு, இ இவற்றின் வயிறு (கோட்டால் மூடிய உள்பகுதி) கொட்டும், அதற்குப் பாலம் போடலாம். இரும்பாக நின்றால் வயிற்றுக்கு ஆபத்தில்லை, புள்ளி கொட்டும். ஞ், ல், ம் என்று மூன்று புள்ளி. ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டு எழுதியதுண்டு, படிப்பவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். வாசலில் அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. புள்ளியைக் காம்பு வைத்து எழுத்தோடு ஒட்டினால் அது வேறு எழுத்து போல ஆகிவிடுகிறது, அதுவும் பிடிக்கவில்லை.

“சார், உங்கள் மாடியிலிருந்து ரங்கசாமி சிகரம் தெரியுமில்லையா?” என்று கேட்டேன். தெரியும் என்றார். அந்தச் சிகரத்தின் விளிம்பை எழுத்துகளுக்கு மேலே ஒரு பட்டையாக ஓட்டி, மூன்று புள்ளியையும் அதிலிருந்து மெல்லிய தண்டில் இறக்கிவிட்டேன். எழுத்துகள் அடியில் ஒரு பட்டையில் நிற்கின்றன, இரு ஓரத்திலும் மேலும் கீழும் சேர்கிறது. ஒரே துண்டு.

இன்னொன்று: எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றாமல் அனுப்பவே கூடாது, பட்டறைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. மாற்றிய பிறகு, வடிவங்களை ஒன்றாக்கும் ‘யூனியன்’ கொடுக்க வேண்டும். எழுத்தும் மேல்விலங்கும் (றி-யில் மேலே வளையும் இகரக் குறி) ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் எழுத்துருக்களில், அதை விட்டால் றி-யின் குறுக்கே ஒரு வெட்டு விழும்.

நவம்பர் 16, சனி

வரையாடு வந்துவிட்டது. கொம்பு சுத்தம். ஆக்சிஜன் வைத்து வெட்டியதால் விளிம்பில் கருநீலப் படலம். அதன் மேல் அப்படியே பவுடர் கோட்டிங் போட்டால் படலத்தோடு சேர்ந்து பூச்சும் உரியும், நம் ஊர் ஈரத்தில் துரு அங்கிருந்துதான் கிளம்பும். எமரித் தாள் வைத்து விளிம்பு முழுக்கத் தேய்த்தேன். சேணத்தின் கீற்றுகளுக்குள் விரல் போகாது, பட்டைத் தாளைக் கோத்து இழுக்க வேண்டியிருந்தது. திங்களன்று பூச்சுக்குப் போகிறது.

நவம்பர் 18, திங்கள்

அடுத்தது மலை ரயில். கேட்டவர் அனுப்பிய மாதிரிப் படத்தில் சமதளத் தண்டவாளம், முன்னால் நீராவி எஞ்சின், பின்னால் பெட்டிகள். அப்படியே வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது எஞ்சின் கீழ்ப்பக்கம் இருந்து தள்ளிக்கொண்டு வரும். 1899-லிருந்து அந்தப் பாதை ஓடுகிறது, செங்குத்தான ஏற்றத்துக்காகத்தான் அதில் பல் தண்டவாளம். அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1. என் தகடு 900 மி.மீ. என்றால் ஒரு முனைக்கு மறுமுனை 75 மி.மீ. உயர வேண்டும். அதையே போட்டிருக்கிறேன்.

புகைதான் யோசனை. தனியாக மிதக்க முடியாது. புகைபோக்கியில் தொடங்கி, பெட்டிகளின் கூரைக்கு மேலே படர்ந்து, மேலே உள்ள மரக்கிளையில் போய்ச் சேரும்படி வரைந்து அனுப்பியிருக்கிறேன். எஞ்சின் பின்னால் இருப்பதற்கு அவர் சரி சொன்னதும் நோட்களைக் குறைக்க உட்காருவேன்.