இரத்த அழுத்த ஆய்வில் நான் இருந்த ஆறு மாதம்

என் அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது அவருக்கு வயது 58. பிரஷர் இருப்பது தெரிந்தும் தலை சுற்றுகிற நாளில் மட்டும் மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. எனக்கு 49 வயதில் அதே பிரஷர் வந்தது. அம்மாவைப் பார்த்த பயத்தில் நான் ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. ஆனாலும் அம்லோடிபின் 5 மில்லிகிராம் எடுக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் மேல் அளவு 150-க்குக் கீழே இறங்கவில்லை. திருச்சியில் நான் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அப்போதுதான், இரண்டு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வு ஒன்று நகரின் வேறொரு மருத்துவமனையில் நடப்பதாகவும், விருப்பமிருந்தால் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

வீட்டில் இதைச் சொன்னதும் நாத்தனார் கேட்ட முதல் கேள்வி, "சோதனை எலியாகப் போகிறாயா?" என்பது. அவர் கேட்டதில் தவறில்லை. எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. என் மகன், இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் எல்லாம் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, இந்த ஆய்வையும் அதில் தேடி எடுத்தான். அந்தப் பதிவேடு 2007-இல் தொடங்கப்பட்டு, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள், யாரைச் சேர்க்கமாட்டார்கள், எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழுக்களில் எது ஒப்புதல் அளித்தது, இறுதியில் எதை அளக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் அங்கே எல்லோரும் பார்க்கும்படி இருந்தன. ஆய்வில் சேர நினைக்கும் எவரும் மருத்துவமனைக்குப் போகும் முன்பே இதைப் பார்த்துவிடலாம். எனக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய தெளிவைத் தந்தது.

முதல் நாள் என்னிடம் கொடுக்கப்பட்ட தகவல் தாள் தமிழில் பதினான்கு பக்கம். அதன் தமிழ் கரடுமுரடாக இருந்தது. ஒரு வாக்கியத்தை மூன்று முறை படித்த பிறகே எழுவாய் எது என்று தெரிந்த இடங்கள் உண்டு. முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்கே அப்படியென்றால், அன்று பக்கத்தில் அமர்ந்திருந்த, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று வருந்தினேன். அவருக்கு ஆய்வைச் சாராத ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினார்கள். விதி அப்படித்தான் சொல்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் அன்று கையெழுத்துப் போடவில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டபோது உடனே சம்மதித்தார்கள். புரியாத இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டு, நான்கு நாள் கழித்து ஒரு நோட்டில் கேள்விகளோடு போனேன்.

ஆய்வு மருத்துவர் முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். என் முதல் கேள்வி, எனக்கு எந்த மாத்திரை நல்லதோ அதைத்தானே கொடுப்பீர்கள் என்பது. அவர் இல்லை என்றார். இரண்டு குழுவிலும் அம்லோடிபின் இருக்கும். ஒன்றில் அதனுடன் ராமிப்ரிலும் மற்றொன்றில் இன்டபமைடும் சேர்ந்திருக்கும். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவுசெய்யும். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எது மேல் என்று தெரிந்திருந்தால் ஆய்வே வேண்டியதில்லை அம்மா என்று அவர் சொன்னபோதுதான், வழக்கமான சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு உறைத்தது. அதுவரை இதைக் கூடுதல் கவனிப்புள்ள ஓர் இலவச வைத்தியம் என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாவது கேள்வியை இதிலிருந்தே கேட்டேன். ஆய்வில் சேராமலே என் பழைய மருத்துவர் இரண்டாவது மருந்தைச் சேர்க்க முடியாதா? முடியும், நாளைக்கே சேர்க்கலாம் என்றார். ஆளைப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவர் அப்படிச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஒரே மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிடக் குறைந்த அளவில் சில மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது பலன் தரும் என்பதற்கு, 2018-இல் வெளிவந்த இலங்கை ஆய்வை எடுத்துக்காட்டினார். ட்ரயம்ஃப் என்ற அந்த ஆய்வில் 700 பேர் பங்கேற்றார்கள். மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் கொண்ட ஒற்றை மாத்திரையை எடுத்தவர்களில் 70 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 55 விழுக்காட்டினரும் ஆறு மாதத்தில் இலக்கை எட்டினார்கள். எழுநூறு பேர் சம்மதித்ததால்தான் இன்று இது நமக்குத் தெரிகிறது என்று அவர் சொன்னது, நான் சேர்ந்ததற்கு முதன்மையான காரணம். அம்மாவின் முகம் அப்போது நினைவில் இருந்ததும் உண்மை.

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியமானது. மாத்திரை தொடங்குவதற்கு முன் பழைய மருந்தை இரண்டு வாரம் நிறுத்த வேண்டும் என்று தாளில் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் எனக்கு ஏதாவது ஆனால்? வீட்டில் அளக்கக் கருவி தருவார்கள் என்றார். காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும். மேல் அளவு 180-ஐயோ கீழ் அளவு 110-ஐயோ எட்டினால், தலைவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால், எந்த நேரத்திலும் கூப்பிட வேண்டும். உடனே மருந்து கொடுத்து ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். இதை வாயால் சொன்னால் போதாது, என் பிரதியில் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். எழுதித் தந்தார்.

ஒப்புதல் படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், படிப்பு, நாமினியின் பெயர், உறவு முறை என்று கட்டங்கள் இருந்ததைப் பார்த்து என் கணவர் கலங்கிவிட்டார். காப்பீட்டுப் படிவம் போல் இருக்கிறதே என்றார். ஆய்வினால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக அந்த விவரங்கள் கேட்கப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளில் இழப்பீட்டுக் கணக்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தன்மையையும் சேர்த்துப் போடப்படுகிறது. ஆய்வினால் உடல்நலக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம் என்பதும் அதே விதிகளில் உண்டு. கையெழுத்திட்ட பிரதியையும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். அந்தக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருக்கக் கூடாது, சட்டம் அறிந்த ஒருவரும் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவரும் பெண் உறுப்பினரும் இருந்தாக வேண்டும், பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

தகுதிச் சோதனை இரண்டு நாள் எடுத்தது. இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், சர்க்கரை, சிறுநீர்ச் சோதனை, இ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். மாதவிடாய் நின்றுவிட்டதா என்றும் கேட்டார்கள். கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு ராமிப்ரில் கொடுக்கவே கூடாது. ஆனால் என்னை வியக்கவைத்தது பிரஷர் பார்த்த விதம். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது. கழிவறைக்குப் போய்வரச் சொன்னார்கள். முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். என் கைக்கு ஏற்ற அகலத்தில் பட்டையைத் தேர்ந்தெடுத்து, முதலில் இரண்டு கையிலும் பார்த்துவிட்டு, கூடுதலாக இருந்த கையில் ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்தார் சிஸ்டர். முதல் அளவை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எழுதினார். மூன்று ஆண்டுகளாக, நடந்து வந்த மூச்சோடு உட்காரவைத்துப் பேசிக்கொண்டே பார்த்த அளவுகளை நம்பியிருந்தேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்து 24 மணி நேரக் கருவி. இடுப்பில் சிறு பெட்டி, இடது கையில் பட்டை. பகலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறையும் இரவில் அரை மணிக்கு ஒருமுறையும் அதுவே அளந்துகொள்ளும். வழக்கமான வேலை நாளில் அணிய வேண்டும் என்பதால் வெள்ளிக்கிழமை பள்ளிக்கே கட்டிக்கொண்டு போனேன். பட்டை இறுகும்போது கையை அசைக்கக் கூடாது. கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது நான் நிறுத்திக் கையைத் தொங்கவிட்டால், மூன்றாவது பாடவேளைக்குள் பிள்ளைகளும் பழகிப்போய்ச் சத்தமின்றிக் காத்திருந்தார்கள். இரவில் தூக்கம் கெட்டது. ஒருநாள் சராசரி 146/88 வந்தது. இந்தக் கருவியில் 130/80-ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் என்று கணக்கு. மருத்துவரைப் பார்த்த பதற்றத்தில் மட்டும் ஏறும் அழுத்தம் இல்லை என்பது உறுதியானதால் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு எண் மட்டும் ஒட்டிய புட்டியைத் தந்தார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் மீதியுள்ள மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். சனிக்கிழமைகளில் வரச் சொன்னதால் விடுப்பு எடுக்க நேரவில்லை. முதல் இரண்டு வருகைக்கான பேருந்துக் கட்டணம் இரண்டு மாதம் தாமதமாக வந்தது. தினக்கூலிக்குப் போகும் ஒருவர் அதற்காகவே விலகிவிடக்கூடும், அதை அவர்களிடம் சொன்னேன். மூன்றாம் வருகையிலிருந்து அன்றன்றே கொடுத்தார்கள்.

ஆறாவது வாரம் வறட்டு இருமல் தொடங்கியது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. வகுப்பில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. தகவல் தாளில் ராமிப்ரிலுக்கு எதிரே முதலில் எழுதியிருந்ததே இருமல்தான். சொன்னால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று மூன்று வாரம் மறைத்தேன். நான் செய்த தவறு அது, யாரும் செய்யக் கூடாதது. பக்கவிளைவை அறிவதும் ஆய்வின் நோக்கம்தான். பத்தாவது வாரம் ஒருங்கிணைப்பாளர் பெண்ணிடம் சொன்னதும் அன்றே மருத்துவர் பார்த்து மாத்திரையை நிறுத்தி, வேறு மருந்துகளை வெளிப்படையாக எழுதித் தந்தார். இருமல் மூன்று வாரத்தில் அடங்கியது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்து அளவுக் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாத்திரையை நிறுத்துவது வேறு, ஆய்விலிருந்து விலகுவது வேறு என்று அப்போது விளக்கினார்கள். விலக எனக்கு எப்போதும் உரிமை உண்டு, காரணமே சொல்ல வேண்டாம். ஆனால் நான் தொடர்ந்து வந்து அளவு கொடுத்தால், குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தேனோ அந்தக் குழுவிலேயே என்னை எண்ணுவார்கள். மருந்து ஒத்துக்கொண்டவர்களை மட்டும் எண்ணினால் அந்த மருந்து உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும் அல்லவா அம்மா என்று அந்தப் பெண் கேட்டாள். கணக்கு வாத்தியாரான எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆறாம் மாதம் வரை எல்லா வருகைக்கும் போனேன். இறுதி நாளில் மறுபடி 24 மணி நேரக் கருவியைக் கட்டிக்கொண்டேன். சராசரி 127/78.

எட்டு மாதம் கழித்து, எல்லா மருத்துவமனைகளின் கணக்கும் மூடப்பட்ட பிறகு, ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டு என் புட்டியில் இருந்தது ராமிப்ரில் சேர்ந்த மாத்திரைதான் என்றாள். என் பழைய மருத்துவரிடம் அதைச் சொன்னேன். இனி அந்த வகை மருந்தை எனக்கு எழுதக் கூடாது என்று கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார். பிறகு பட்டையை எடுத்தார். ஐந்து நிமிடம் உட்கார்ந்துகொள்கிறேன் டாக்டர், அப்புறம் பாருங்கள் என்றேன்.