வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிறவர்கள் முள்ளியவளையில் தொடங்குங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் என்றதும் வெளியூரில் இருப்பவர்களுக்கு வைகாசித் திங்கட்கிழமை இரவு மட்டுமே நினைவுக்கு வருகிறது. வாகனம் பிடித்து, இருட்டின பிறகு வந்து, சனத்துக்குள் நெருக்குப்பட்டுக் கும்பிட்டுவிட்டு விடியுமுன் திரும்பிவிடுகிறார்கள். அம்மன் அவர்களுக்கும் அருள்வாள், அதில் ஐயமில்லை. ஆனால் பொங்கலின் பெரும்பகுதி அதற்கு முன்னரே வேறு இரண்டு இடங்களில் நடந்துவிடுகிறது: ஒன்று சிலாவத்தைக் கடற்கரை, மற்றது முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயில்.

முல்லைத்தீவு நகருக்குத் தென்மேற்கே, மாங்குளத்திலிருந்து வரும் ஏ34 வீதியில், முள்ளியவளையும் தண்ணீரூற்றும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. வயலும் கச்சானும் தென்னையும் மாடும்தான் இந்த ஊர்களின் சீவனம். அங்கிருந்து வடக்கே பிரிகிற வீதி நந்திக்கடல் என்ற களப்பின் கரையிலுள்ள வற்றாப்பளைக்குப் போகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் ஏறத்தாழ 92,000 பேர்தான். இலங்கையின் 25 மாவட்டங்களில் ஆகக் குறைந்த தொகை அது. பொங்கலன்று வருகிற சனமோ இலட்சக்கணக்கு. இடமும் தண்ணீரும் நிழலும் அன்று ஏன் போதாமல் போகின்றன என்பதற்கு இந்த இரண்டு கணக்குமே போதும்.

மதுரையை எரித்த கண்ணகி ஆறாத சினத்தோடு ஈழம் வந்து, பல இடங்களில் தங்கி, கடைசியில் இந்தக் கரையில் கிழவி உருவில் இருந்தாள் என்பது ஊரின் நம்பிக்கை. மாடு மேய்த்த பொடியன்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றதும், கடல்நீரை அள்ளி ஊற்றித் திரியைக் கொளுத்தச் சொன்னாள், எரிந்தது. பேன் பார்க்கத் தலையை விலக்கியபோது தலை முழுக்கக் கண்களைக் கண்டு பயந்து போனார்கள். வைகாசித் திங்களில் வருவேன் என்று சொல்லி மறைந்தாள். இன்று நடக்கிற ஒவ்வொரு சடங்கும் இந்தக் கதையின் ஒரு துண்டு. கதையைத் தெரிந்துகொண்டு வந்தால்தான் கண்ணுக்கு முன்னால் நடப்பது விளங்கும்.

பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முன் வரும் திங்களில் பாக்குத்தெண்டல், அதாவது பாக்கு வேண்டிப் பெறும் சடங்கு. அதோடு ஊர் விரதத்துக்குள் வந்துவிடும். அடுத்த திங்களன்று காட்டா விநாயகர் கோயிலிலிருந்து புறப்பட்டுச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுக்கிறார்கள். அந்த உப்புநீரில் திரியிட்டு ஏற்றுகிற விளக்கு காட்டா விநாயகர் கோயிலில் ஒரு கிழமை எரிகிறது. ஞாயிறு அங்கே பொங்கல். அது முடிய, மடைப்பண்டங்கள் என்கிற படையற் பொருட்கள் வற்றாப்பளைக்குக் கொண்டுபோகப்படுகின்றன. திங்கள் அம்மனுக்குப் பொங்கல். ஆகவே, முடிந்தவர்கள் ஞாயிறு பின்னேரமே முள்ளியவளைக்கு வந்துவிடுங்கள். உப்புநீர் விளக்கை நெருங்கி நின்று கும்பிட அன்று வாய்ப்பு உண்டு. திங்களன்று வற்றாப்பளையில் அந்த நெருக்கம் கிடைக்காது.

கோயிலோடு சேர்ந்த இன்னொரு கதையையும் பெரியவர்களிடம் கேளுங்கள். குதிரையில் வந்த அந்நியத் துரை ஒருவன், உங்கள் அம்மனுக்குச் சக்தி இருந்தால் இந்தப் பனிச்சை மரத்தை ஆட்டிக் காட்டட்டும் என்றானாம். காற்றில்லாமலே மரம் ஆடி, காய்கள் அவன்மேல் கல்லெறி போல விழுந்தனவாம். பனிச்சங்காய் பச்சையில் கல்லுப்போல இருக்கும், உடைத்தால் பசை ஒட்டும். வலைக்குச் சாயம் போட்ட மீனவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

திங்களன்று நேர்த்திக்கடன்கள் பகல் முழுக்க நடக்கும்: பாற்செம்பு, தீச்சட்டி, காவடி, ஆண்கள் வீதியில் உருளும் பிரதட்டை, பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிடும் அடி அழித்தல். பிரதட்டை செய்பவர்கள் காலை ஒன்பதுக்கு முன் முடிப்பது நல்லது. அதற்குப் பிறகு வீதி மணல் உடம்பைச் சுடும். வைகாசியில் சோளகக் காற்று பலமாக வீசும். கற்பூரம் அணைந்து அணைந்து போகும், ஆழமான சட்டி கொண்டுவாருங்கள்.

சொந்தமாகப் பொங்குவதென்றால் சனம் குறைந்த வேறொரு திங்களில் வருவதே மேல். ஒரு கிலோ பச்சையரிசிக்கு கால் கிலோ வறுத்த பயறு, அரைக் கிலோ சர்க்கரை, இரண்டு தேங்காய், கொஞ்சம் கஜுவும் பிளம்சும் போதும். பானையில் முதற் பாலும் தண்ணீரும் கழுத்தளவுக்கு இருந்தால்தான் பொங்கி வழியும். பலர் குறைவாக ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பால் பொங்கிய பிறகு அரிசி, அரிசி நன்றாக அவிந்த பிறகே சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி விறைத்து நின்றுவிடும், பிறகு எத்தனை விறகு வைத்தாலும் அவியாது. அடுப்புக்குக் காற்று வரும் பக்கத்தில் ஒரு தகரத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நெருப்பு ஒரு பக்கம் சாய்ந்து பானை ஒருபுறம் அடிப்பிடிக்கும்.

வவுனியாப் பக்கமிருந்து வருபவர்களுக்கு மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழி. அங்கே தான்தோன்றீசுவரர் கோயிலில் இறங்கிக் கும்பிடாமல் போகாதீர்கள். பக்கத்துக் கற்சிலைமடுவில்தான் 1803 அக்டோபர் 31இல் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதாக வெள்ளைக்காரர் கல் நாட்டினார்கள். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் அவன். இந்த வீதியில் யானை கடக்கும், மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் இரவில் தனியாக ஓடவேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம் வழியாக வரலாம். போரின் கடைசிக் கட்டமான 2008-2009இல் இந்த ஊர்ச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, பிறகே மெல்ல மெல்லத் திரும்பியது. 1990இல் வெளியேற்றப்பட்ட தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம் மக்களில் ஒரு பகுதியினரும் பின்னர் வந்து குடியேறினார்கள். சில ஆண்டுகளில் பொங்கல் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டி வரும். நந்திக்கடலின் மறுகரையில் விளக்கேற்றியவர்கள் பலர் அதே மாதத்தில் இந்தக் கரைக்கும் வருகிறார்கள். அவர்களோடு கதைக்கும்போது யாரை இழந்தீர்கள் என்று கேட்காதீர்கள், சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள்.

வாகனத்தைக் கோயில் வரை கொண்டுபோக முயலாமல் தூரத்திலேயே விட்டு நடவுங்கள். நந்திக்கடற் கரை சேறு, சிறுபிள்ளைகளை இறங்க விடவேண்டாம். விடுதிகள் மிகக் குறைவு என்பதால் வெளிவீதியில் விரித்துப் படுக்க ஒரு பாய் வேண்டும். கச்சானைத் திரும்பும்போது வாங்குங்கள். செவ்வாய் காலையில் விசேட பஸ்களில் முதல் சில நிறைந்தே போகும், பத்து மணிக்குப் பிறகு இருக்கை கிடைக்கும்.